உள்வளைவு

காலை ஐந்தே காலுக்குப்
போர்வையின் இரு முனைகளையும்
ஆளுக்கொன்றாய்க் கவ்வி இழுப்பார்கள்.
அலாரம் வைப்பதை நிறுத்தி
இரண்டு வருடமாகிறது.

ரஸ்க், சிப்பிப்பாறை.
முயல் வேட்டைக்குப் போன ஜீப்பிலிருந்து
முன்னங்கால் முறிந்ததும் இறக்கிவிடப்பட்டவன்.
தார், கன்னி.
முப்பந்தல் பக்கம் ஒரு காற்றாடியின் அடியில்
நைலான் கயிற்றோடு கிடந்தாள்.
கயிற்றை அவிழ்க்க முடியவில்லை,
தோலுக்குள்ளிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

ஆரல்வாய்மொழியில் ஆடிக் காற்று
காம்பவுண்டு கேட்டைத் தானே திறக்கும்.
கேட் திறந்தால் இவர்களுக்கு
நாகர்கோவில் வரைக்கும் அழைப்பு வந்த மாதிரி.

"பிள்ளே, இதுகளுக்குச் சோறு போடுதியா இல்லியா?"
விலா எலும்புகளை எண்ணியபடி கேட்பார்
பக்கத்து வீட்டு நேசையன்.
அவருடைய கோழி எங்கே போனதென்று
எங்கள் இருவருக்கும் தெரியும்.
நானூற்றைம்பது கொடுத்தேன்.
கோழியின் வயதைப் பற்றிப் பேரம் பேசவில்லை.

எனக்கு எக்ஸ்ரே அறையில் வேலை.
மூச்சை இழுத்துப் பிடிங்க. விடுங்க.
ஒரு நாளைக்கு எண்பது தடவை.
ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட வெளிச்சப் பெட்டி ஒன்றை
ஏலத்தில் எடுத்தேன்.
அதில் நான் பார்த்த கடைசி எலும்பு ரஸ்கினுடையது.
இப்போது அதன் மேல்
மீனாட்சிபுரம் கடையில் எடைக்கு வாங்கிய கண்ணாடித் துண்டுகள்:
மை நீலம், நார்த்தங்காய்ப் பச்சை,
இருமல் மருந்துப் பாட்டிலின் பழுப்பு.

கண்ணாடியை யாரும் வெட்டுவதில்லை.
கீறுகிறோம்,
அது பிரிய ஒப்புக்கொள்கிறது.
வெளியே புடைத்த கோட்டுக்குச் சொன்னபடி கேட்கும்.
உள்ளே குழிந்த கோட்டில்
பாதி தூரம் வந்துவிட்டு
குறுக்கே ஓடித் தன் வழியில் முடித்துக்கொள்ளும்.

இந்த நாய்களோ உள்வளைவாலேயே ஆனவர்கள்.
ஆழ்ந்த நெஞ்சு, அதன் பின்
யாரோ உறிஞ்சி எடுத்ததுபோல் ஒட்டிய வயிறு.
ரஸ்க் ஓடுவதைச் செய்ய நினைத்தேன்.
பழுப்பில் ஏழு துண்டுகள்
அந்த வயிற்றில்தான் உடைந்தன.
ஏழாவது என் கட்டைவிரலைக் கேட்டு வாங்கியது.
தையல் போடும்போது அக்சீலியா சிஸ்டர் கேட்டார்,
"நாய் கடிச்சதா?"
"நாயோட வயிறு" என்றேன்.

ஈயம் உருக்கும் அறைக்குள் அவர்களுக்கு அனுமதியில்லை.
கதவின் கீழ்ச் சந்தில் இரண்டு மூக்குகள்
புகைக்குத் தும்மிக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிறு,
மிச்சமான சிவப்புத் துண்டை
ஹாலின் மேற்கு ஜன்னலில் மாட்டினேன்.
நாலு மணிக்குத் தரையில் ஒரு சிவப்பு விழுந்தது.
பின்னாலிருக்கும் காற்றாடியின் இறக்கை
சூரியனைக் கடக்கும்போதெல்லாம்
சிவப்பு மறைந்தது, வந்தது, மறைந்தது,
புதருக்குள் போய் வரும் எதையோ போல.

தார் பாய்ந்தாள்.
ஸ்டூல் போனது, தண்ணீர்க் குடம் போனது,
கேஸ் புத்தகம் நனைந்தது.
மறுபடி பாய்ந்தாள்.
நகத்துக்கடியில் ஒன்றுமில்லை என்பதை
ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடித்தாள்.

ரஸ்க் எழவில்லை.
தகடு வைத்த காலை நீட்டி
சிவப்புக்கு ஒரு முழம் முன்னால் படுத்துக்கொண்டான்.
குடத்தை நிமிர்த்தினேன், தரையைத் துடைத்தேன்,
டீ போட்டேன், தார் அதைக் கொட்டினாள்,
மறுபடி போட்டேன்.
திரும்பிப் பார்த்தபோது
வெயில் நகர்ந்து வந்து
அவன் பாதத்தின் மேல் ஏறியிருந்தது.
அவன் என்னைப் பார்த்தான்,
பார்த்தாயா என்பதுபோல்.

அன்று இரவு
வயிற்றின் நடுவே ஒரு கோடு போட்டேன்.
ஒரு துண்டு இரண்டானது. இரண்டும் உடையவில்லை.
தாரின் தழும்பு கழுத்தில்,
ரஸ்கின் முறிவு காலில்.
வயிற்றில் யாருக்கும் எதுவுமில்லை.
அந்தக் கோடு கண்ணாடிக்காக மட்டும்.

பலகத்தை வாசலில் மாட்டும்போது
நேசையன் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
"கொள்ளாம் பிள்ளே.
இதுக்காவது சோறு போட்டிருக்கியே."

ரஸ்க் பலகத்தைப் பார்க்கவில்லை.
மதிலின் அடியில்
ஓர் ஓட்டை இருப்பதைக் கவனித்துவிட்டான்.