பென்சிலால் எழுதிய எண்

துலூத்தில் மூன்றாம் நாளாகப் பனி.
ஆர்லிஸ் நீமியின் வீட்டு நிலவறையில்
உலை இருமிக்கொண்டே எரிகிறது.
சலவை இயந்திரத்தின் மேல் பீட்சா அட்டை,
மேசையில் வரைபடம், அதன் நடுவே
நான் வரைந்த கிணறு.
உள்ளே இருப்பவன் பெயர் வ்ராஸ்கூ.

பதினோரு மாதமாக அவனைத் தேடி வருகிறோம்.
வழியில் ஏழு ஊர் எரிந்தது, ஒரு கோவேறு கழுதை செத்தது.
ஊர்களைவிடக் கழுதைக்குத்தான் அதிகம் அழுதோம்.

"இறங்குமுன் ஒன்று தெரியவேண்டும்"
என்றான் டேல் வோய்ட்டெக்.
பகலில் துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத்தாது கொட்டுகிறவன்,
சனிக்கிழமை இரவுகளில் பூசாரி.
"கீழே இருப்பது கெட்ட தெய்வமா,
பெரிய பிசாசா?"

"எதுவானால் என்ன?" என்றாள் மேவிஸ்.
அவள் திருடி.
இரண்டில் எதற்குச் சட்டைப்பை உண்டு என்பதே அவள் கவலை.

"பிசாசு என்றால் வெட்டலாம்.
தெய்வம் என்றால், இத்தனை நாள் நான்
யாரிடம் வரம் வாங்கித் தின்றேனோ
அவருக்கு இவன் பங்காளி.
பங்காளிச் சண்டையில் பூசாரிக்கு என்ன வேலை?"

மேவிஸ் பீட்சாவின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:
பிசாசு கையெழுத்து கேட்கும்.
வாசல்வரை வந்து, தொப்பியைக் கழற்றி,
காப்பீடு விற்பவன்போலச் சிரிக்கும்.
உன்னிடம் இருப்பது அதனிடம் இல்லை,
அதனால்தான் நடந்து வருகிறது.
பேரம் பேசும் எதற்கும் பசி இருக்கிறது.

"தெய்வமும் கேட்கும்" என்றேன்,
"கொழுத்த கன்றை, தலைமகனை."
"கேட்கும். கொடுக்காவிட்டால் இளைக்காது."

பலத்தை வைத்துச் சொல்லமுடியாது என்பதில் மட்டும்
சண்டையில்லை.
மலையைப் பெயர்க்கும் பிசாசைப் பார்த்திருக்கிறோம், போன கோடையில்.
ஒரே ஒரு வாசற்படியைக் காக்கும் தெய்வத்தையும்.
அந்தச் சின்னதன் முன்னே அந்தப் பெரியது
கால் மாற்றிக் கால் மாற்றி
விடியும்வரை வெளியே நின்றது.

அன்று கொல்வது பிசாசு, நின்று கொல்வது தெய்வம்
என்று நோட்டில் எழுதினேன்.
உடனே அடித்தேன்.
எங்கள் வ்ராஸ்கூ அன்றும் கொன்றிருக்கிறான்,
நின்றும் கொன்றிருக்கிறான்.

ஆரின் லுண்ட் அதுவரை வாய் திறக்கவில்லை.
அவன் ஆடும் கோடாலிக்காரனும் பேசுவதில்லை,
எல்லாருக்கும் அது வசதி.
போன நவம்பரில் அவன் தம்பியின் படகு ஏரிக்குள் போனது.

"நான் இரண்டையும் கூப்பிட்டிருக்கிறேன்" என்றான்.
"கல்பாலத்தின் முனையில், ராத்திரி முழுக்க.
என்ன விலை என்றாலும் தருகிறேன் என்றேன்.
வீடு, கண், இருக்கிற வருஷங்கள்.
அப்படி ஒரு வியாபாரத்தை
எந்தப் பிசாசும் விட்டுவைக்காது.
ஒன்றும் வரவில்லை.
ஆனால் அங்கே ஏதோ இருந்தது, டேல்.
கேட்டுக்கொண்டு இருந்தது."

உலைகூட அந்த நேரம் பார்த்து நின்றுபோனது.

ஆட்டத்தை நடத்துகிற ஆர்லிஸ்
அட்டைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.
பக்கத்தில் இருந்ததால் எனக்குத் தெரியும்:
வ்ராஸ்கூவின் பெயருக்கு எதிரே
நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தாள்.
அவ்வளவு வெட்டினால் செத்துப்போவான்.
பென்சிலைத் திருப்பினாள்.
அழுத்தி அழித்தாள், தாள் கிழியும் அளவுக்கு,
ரப்பர்த் தூளை ஊதினாள்.

"வெட்டலாமா?" என்றான் டேல்.
"வெட்டிப் பார்."

டேலின் கை எழவில்லை. ஆரின்தான் பகடையை எடுத்தான்,
இருபது முகம் உள்ளது, ஓரம் தேய்ந்த பச்சை.
வேகமாக வீசிவிட்டான்.
மேசையைத் தாண்டி, சிமெண்டுத் தரையில் துள்ளி
சலவை இயந்திரத்தின் அடியில் போனது.

நான்கு பேரும் முட்டிபோட்டுக் குனிந்தோம்.
டார்ச் வெளிச்சத்தில், தூசிக்கும் ஒற்றைக் காலுறைக்கும் நடுவில்
சுவரில் சாய்ந்து நின்றது,
எந்த முகமும் மேலே வராமல்.

"சாய்ந்தது செல்லாது. திரும்ப உருட்டு" என்றாள் மேவிஸ்.

"இருக்கட்டும்" என்றான் ஆரின் என்னிடம்.
"எப்படி நிற்கிறதோ அப்படியே எழுதிக்கொள்."

கணக்கு எழுதுவது என் வேலை.
தேதி போட்டேன், அவன் பெயரைப் போட்டேன்.
அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.