மயிரிழை

ஆர்தர் வீதி இரும்புக்கடையில்
சாவி வெட்டுகிற மேசை என்னுடையது.
நாளைக்கு இருபது, முப்பது.
பூட்டுகளின் வாய்க்குள் என்ன இருக்கிறதென்று
தண்டர் பேயில் என்னளவுக்குத் தெரிந்தவர் குறைவு.

கார்த்திகையில் வந்தான்.
கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டே
என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தான்,
ழகரம் பிசகாமல்: பொழிலரசி.
பதினொரு மாதமாக இந்த ஊரில்
போசில் என்றும் பாலி என்றும் கூப்பிட்டே
என்னைத் தேய்த்திருந்தார்கள்.
ஓர் எழுத்துக்காகக் கதவைத் திறந்தேன் என்று
பிறகு யாரிடமாவது சொல்ல நேரலாம்.

"ஊரில எவடம்?" என்று கேட்டேன்.
அளவெட்டி என்றான்.
அடுத்த கிழமை, சொன்னதை மறந்து, வாகரை.
மூன்றாம் தரம் நான் கேட்கவில்லை.

பெயர் திருவரங்கன்.
காரின் முன்தட்டில் கிடந்த கடிதத்தில் வேறு யாரோ.
"அது பழைய ஆள்" என்றான்,
குடியிருந்தவர் மாறிய வீட்டைச் சொல்கிற மாதிரி.

டிம் ஹோர்ட்டன்ஸில் முதல் கோப்பி.
சீனி வேண்டாம், பால் மட்டும்.
நான் வாய் திறக்க முதலே அவன் சொல்லிவிட்டான்.
அன்று அதைப் பொருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.
பிறகு என் பஸ் அட்டை தொலைந்தது.
வாங்கிய புது அட்டையும் தொலைந்தது.
"நான் இருக்கிறன்தானே."

வீட்டில் சின்னச் சின்ன நகர்வுகள்.
சீப்பு கண்ணாடிக்கு மற்றப் பக்கம்.
தலையணையில் என் தலை விழாத இடத்தில் பள்ளம்.
பயந்தேன்.
பயந்துகொண்டே, மறுநாள் வேலைக்குப் போகுமுன்
சீப்பை நானே இடம் மாற்றி வைத்தேன்,
பதில் வருமா என்று பார்க்க.
வந்தது.

தை மாதம், வியாழக்கிழமை,
என் மேசையில் ஒரு சாவியை வைத்தான்.
"இன்னொண்டு வெட்டித் தாரும்."
ஐந்து பல். மூன்றாவது கொஞ்சம் மழுங்கல்.
என் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால்
ஆணியில் தொங்கவேண்டிய சாவி.
"ஆற்ற வீட்டுச் சாவி?"
"என்ர வீடுதான்."
அவன் கண் இமைக்கவில்லை. நானும்.
இயந்திரம் வீரிட்டது.
பித்தளைத் தூள் மகரந்தமாய் விரலில் ஒட்டியது.
நாலாம் பல்லில் ஒரு மயிரிழை கூட விட்டேன்.
காசாகவே தந்தான்.
பின்னேரம் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டு
தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.
ஆணியில் சாவி தொங்கியது, இன்னும் ஆடிக்கொண்டு.

அன்றிரவு மைனஸ் முப்பத்தொன்று.
விளக்கை அணைத்து, கதவுக்கு நேரே
கதிரை போட்டு இருந்தேன்.
இரண்டு பத்துக்குச் சாவி உள்ளே வந்தது.
திரும்பவில்லை. வெளியே போய், மெல்ல, மறுபடி.
நோயாளிக்குக் கஞ்சி பருக்குகிறவனின் பொறுமை.
தட்டவில்லை. கூப்பிடவில்லை.
தொலைபேசியில் ஒன்பதை அழுத்தினேன்.
அதற்கடுத்த ஒன்றை அழுத்தவில்லை.

விடிய, வாசல் பனியில் இரண்டு கால்தடம்.
நெடுநேரம் நின்று நின்று இறுகியவை.
அவற்றுக்குள் என் கால்களை வைத்து நின்றேன்.
கதவுக் கண்ணாடியை மூடியிருந்த உறைபனியில்
ஊதி உருக்கிய ஒரு வட்டம், நாணயம் அளவு.
கண்ணை வைத்தேன்.
உள்ளே மைக்ரோவேவ் மணிக்கூட்டின் பச்சை வெளிச்சம்.
அந்த வெளிச்சத்தில் என் கதிரை,
அதன் முதுகில் என் சால்வை,
சால்வையின் குஞ்சம்வரை தெளிவாக.

பத்து மணிக்குக் கடைக்கு வந்தான்.
"சாவி சுத்துதில்லை" என்று சிரித்தான்.
"வெட்டினவவுக்கு நித்திரை காணாது போல."

வாங்கினேன். சாவியில் இன்னும் வெளிக்குளிர்.
பக்கத்து வரிசையில் பிரெண்டா
ஆணிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றாள்,
கூப்பிட்டால் கேட்கிற தூரம்.
இயந்திரத்தைப் போட்டேன்.
நாலாம் பல். ஒரு மயிரிழை.
பெருவிரலால் தடவிப் பார்த்தேன்.
கடையின் பிழை,
காசு வேண்டாம் என்றேன்.