ஃபியூஸ் கட்டை

புயல் போய் ஒன்பதாம் நாள்.
கடலூர் முதுநகரில் இன்னும் கரண்ட் இல்லை.
குட்டியானையில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு
தெருத்தெருவாகப் போகிறோம், நானும் பூவராகனும்.
கால் மணிக்கு நூற்றைம்பது. மாடித் தொட்டி நிறைந்துவிடும்.
செல்போன் சார்ஜ் இலவசம்:
வண்டி ஓரத்துப் பலகையில் ஊராரின் போன்கள்
வௌவால் மாதிரி தொங்கும்.

விடிந்ததும் குச்சியை உருவிப் பார்ப்பேன்.
ஆயில் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும்.
டீசலை என் பழைய வாயில் சேலைத் துண்டில் வடிகட்டுவேன்.
வெள்ளம் புகுந்த பங்க்கில் வாங்கியது;
கேன் அடியில் தண்ணீர் தனியே கண்ணடித்துக் கிடக்கும்.

கைப்பிடி சுற்றும்போது கட்டைவிரல்
மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் இருக்கணும்.
எதிர்த்து உதைத்தால் கை மிஞ்சும்.
பூவராகனிடம் இதைச் சொல்லத் தேவையில்லை.
சட்டைப் பட்டன் போட அவனுக்கு
இப்போதும் கொஞ்சம் நேரமாகும்.

நாலு நிமிஷம் சும்மா ஓடட்டும், அப்புறம்தான் மோட்டார்.
நிறுத்தும்போது முதலில் பாரத்தை இறக்கு,
மூச்சு வாங்கவிடு, பிறகு அணை.
அணைத்த கையோடு டீசல் ஊற்று என்பார்கள், அவசரக்காரர்கள்.
சைலன்சரில் தூறல் விழுந்து 'சுர்' என்கிறதே,
அந்தச் சத்தம் அடங்கும்வரை
மூடியில் கை வைக்க மாட்டேன்.

சோனங்குப்பத்தில் அஞ்சாலாட்சி
"மழை வலுக்குது, நடையிலேயே வச்சுக்கோயேன்" என்றாள்.
நல்ல மனசுதான்.
வாடை அடிக்கிற புகையை விடு, அஞ்சாலாட்சி.
வாடையே இல்லாத ஒன்று அதற்குள் இருக்கிறது.
இருமல்கூட வராது.
பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் போய்விடும்.
தெருவிலேயே நின்றோம்,
தார்ப்பாயைக் குடையாய்த் தூக்கிப் பிடித்துக்கொண்டு.
ஒரு மூலையை அவளே பிடித்தாள்.

தணிகாசலம் சார் வீட்டில்தான் வம்பு.
இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் தயாராயிருந்தது.
"மோட்டாருக்கு மட்டும் எதுக்கு?
ஹாலில் சொருகினா வீடு முழுக்க எரியும்.
பக்கத்துத் தெருவில் அப்படித்தான் பண்ணாங்க.
அறுநூறு தரேன்."

நான் தெருக்கோடியைக் காட்டினேன்.
கம்பத்தின் மேல் ஒரு ஆள்.
தர்மபுரியிலிருந்து அனுப்பிய கேங்கில் வந்தவர், மாதையன்.
காலையில் எங்கள் பலகையில்தான் போன் போட்டார்;
திரையில் மகள், முன்பல் இரண்டு இல்லை.
கையுறையில் சுண்டுவிரல் வெளியே தெரிந்தது.

இங்கே நாம் சொருகுகிற இருநூற்று முப்பது
மீட்டரைத் தாண்டிக் கம்பிவழி நடந்து
டிரான்ஸ்பார்மருக்குள் பின்வாசலாய் நுழைந்து
பதினோராயிரமாய் அந்தப் பக்கம் வரும், சார்.
வருவது கவர்மெண்ட் கரண்டா
உங்கள் ஹால் கரண்டா என்று
அவர் பிடித்திருக்கிற கம்பி விசாரிக்காது.

சார் யோசித்தார்.
யோசிக்கிறவரை நம்பலாம்.
யோசித்துவிட்டு "இந்த ஒரு தடவை" என்கிறவரைத்தான்...
மெயினை இறக்கினேன்.
ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்புப் பையில் போட்டேன்.
மோட்டாரைக் கழற்றி நேராக எங்கள் ஒயரில் கொடுத்தோம்.
தொட்டி வழிந்தது.
சில்லறை இல்லை, அப்புறம் வாங்கிக்கோ என்றார்.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி ஏழரைக்கு
ஊர் மொத்தமும் 'ஏ...ய்' என்று கத்தியது.
ஏர் பில்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன்;
ஒரு கைப்பிடி கடற்கரை உதிர்ந்தது.
கணக்குப் பார்க்கப் பையைத் திறந்தால்
ரூபாய்க்கு அடியில் வெள்ளைப் பீங்கான்.

ஸ்கூட்டியை எடுத்தேன்.
தெரு முழுக்க டியூப்லைட், டிவி, யார் வீட்டிலோ மிக்சி.
ஒரு வீட்டில் மட்டும் மெழுகுவத்தி.
கேட்டருகே கைகட்டி நின்றிருந்தார்.
திட்டு விழும் என்று ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

கட்டையை வாங்கித்
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"அந்த சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்ன விலை வரும்?"

பழைய நூற்றைம்பதையும் சேர்த்துச் சொன்னேன்.