மூன்றாம் ஊத்து

சேதுக்கரைக்குத் தெற்கே எங்கள் கரையில்
ஏழு ஊத்துகள்.
கடலுக்கும் அவற்றுக்கும் நாற்பது எட்டு.
இரண்டு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர்,
உப்பின் மேல் படிந்துகிடக்கும்
பாலாடை மாதிரி.

அப்படிச் சொன்னவன் பூரணவேல்,
பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன்.
சங்கு விற்ற காசில் ஒரு மீட்டர் வாங்கிவந்தான்,
பேனா அளவு, மஞ்சள் மூடி.
நுனியைத் தண்ணீரில் வைத்தால்
எண் ஓடி ஓடி நிற்கும்.
பத்துப் பாகம் ஆழத்தில் மூச்சடக்கத் தெரிந்த சாதி நாங்கள்,
காலடி மணலுக்குள் நடப்பதை
அன்றுதான் பார்த்தோம்.

அவன், நான், நம்புராணி, சேதுக்கனி.
ஞாயிறுதோறும் குடங்கள் வருமுன்
சிரட்டையில் அள்ளி எண்ணை எழுதுவோம்.
கோடுபோட்ட நோட்டில் நாலு கட்டம்:
ஊத்து, தேதி, எண், காரணம்.

ஐப்பசி மழைக்குப் பின் நானூறு.
தையில் ஐந்நூற்று முப்பது.
இறால் பண்ணைக்காரன் இரவில் வாய்க்காலைத் திறந்த வாரம்
ஆறும் ஏழும் ஆயிரத்தைத் தாண்டின.
நோட்டோடு தாசில்தார் ஆபீஸ் வாசலில்
இரண்டு நாள் உட்கார்ந்தோம்.
மூன்றாம் நாள் ஒருவர் வந்தார்,
ஷூவுக்குள் மணல் போனதென்று சலித்துக்கொண்டார்.
வாய்க்கால் அடைபட்டது.
நம்புராணி வீட்டில் அன்றைக்கு நண்டு வறுவல்.

அதோடு முடிந்திருக்கலாம்.

பங்குனியில் மூன்றாம் ஊத்து ஏறியது.
அறுநூறு. எண்ணூறு. ஆயிரத்து நூறு.
பண்ணைக்கு எட்டாத தூரம் அது.
காரணம் என்ற கட்டத்தை
மூன்று வாரம் காலியாக விட்டேன்.
மற்றவர்கள் கேட்கவில்லை.
கேட்காததுதான் உறுத்தியது.

மூன்றாம் ஊத்துக்குப் பக்கம் எங்கள் வீடு.
வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் மோட்டார்,
காது சவ்வு கிழிந்து சங்குகுளி நின்றபின்
வட்டிக்கு வாங்கிப் போட்டது.
ராத்திரி பதினொன்றுக்கு லாரி வரும்.
குழாயை மாட்டி ஆடை முழுக்க உறிஞ்சும்.
அடியில் கடல் விரல் விரலாய் மேலேறும்.
அந்தக் காசில்தான் என் டியூஷன்,
அந்தக் காசில்தான் இந்த நோட்டும்.

நேற்று எழுதினேன்:
ஊத்து மூன்று. ஆயிரத்து இருநூற்று நாற்பது.
எங்கள் வீட்டு மோட்டார்.

சாப்பிடும் இடத்தில் விரித்துவைத்தேன்.
அப்பா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்.
படித்தார். தட்டை நகர்த்திவிட்டு
ஊத்துக்கு நடந்தார்.
சிரட்டையைத் தேடாமல் கையால் அள்ளி
வாயில் வைத்தபடி நின்றார்,
தண்ணீருக்குள் நிற்பவர் மாதிரி நெடுநேரம்.
துப்பவில்லை.

பதினொன்றுக்கு லாரி ஹாரன் அடித்தது.
இரண்டு முறை. மூன்று முறை.
அப்பாவுக்குக் காது கேட்காது,
ஊருக்கே தெரியும்.
எனக்குக் கேட்டது.

காலையில் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன்.
காம்பஸுக்குப் பக்கத்தில்
மோட்டாரின் ஃப்யூஸ் கட்டை.
வைத்தது நானில்லை.