அரைக் குளிசை

பங்கேற்பாளர் நூற்று நாற்பத்தேழு.
பாலையூற்று, லூர்து கெபிக்குப் போகும் வழி,
நீலத் தகரப் படலை.
கோப்பில் அவருக்குப் பெயர் இல்லை,
இருக்கவும் கூடாது.
எனக்கு அவர் பிரகாசி அக்கா.

மாதம் ஒருமுறை போவேன்.
ஸ்கூட்டியின் முன்கூடையில் பிரஷர் மெசினும்
இருபத்தெட்டு நாளுக்கான குப்பியும்.
கிளினிக் தரும் குளிசைகளுக்கு மேலே இது ஒன்று.
மருந்தா, மருந்துபோல் ஒன்றா,
அவருக்குத் தெரியாது. எனக்கும்.
கொழும்பில் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும்.
எல்லோருடைய கண்ணையும் கட்டிவிட்டால்தான்
உண்மை வெளியே வரும் என்பது
எங்கள் தொழிலின் நம்பிக்கை.

முப்பது போட்டுக் கொடுப்போம்,
இரண்டு மிஞ்ச வேண்டும்.
மற்ற வீடுகளில் ஒன்பது மிஞ்சும், பதினேழு மிஞ்சும்,
நிலாவெளியில் ஒருமுறை முப்பத்தொன்று மிஞ்சியது,
எப்படியென்று இன்றுவரை விளங்கவில்லை.
பிரகாசி அக்கா வீட்டில் இரண்டு.
ஏழு மாதமும் இரண்டு.

கைப்பட்டி சுற்ற முன்னம்
ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும் என்பது விதி.
பேசமாட்டார், உதடு மட்டும் செபமாலை சொல்லும்.
செபம் பேச்சில் சேருமா என்று கேட்டு எழுதினேன்.
பதில் இல்லை.

பிறகு அந்த வியாழக்கிழமை.
கிண்ணியாப் பாலத்தில் மழை பிடித்துத் திரும்பி
சொல்லாமல் போய் நின்றேன்.
குசினி வாசலில் அக்கா.
கையில் பாக்குவெட்டி, அதன் பல்லுக்குள் என் குளிசை.
நறுக்.
எதிரே மனுவேற்பிள்ளை
நற்கருணைக்குப் போல உள்ளங்கையை நீட்டிக்கொண்டு.

சீனக்குடா மா மில்லில் முப்பது வருசம்
மூடை தூக்கியவர்.
நாங்கள் வேண்டாம் என்றவர்:
கிரியேற்றினின் கூட,
தகுதிப் பட்டியலில் ஆறாம் இலக்கம்.

"இவரை நீங்கள் எடுக்கேல்லைத்தானே.
ஆண்டவர் எனக்கு மட்டுமே
நெஞ்சு வைச்சு அனுப்பினவர்?"
சொல்லிக்கொண்டே மற்றப் பாதியைத்
தன் வாயில் போட்டார்.

நிற்பாட்டச் சொன்னேன்.
அவருடைய கிட்னி, ஆபத்து, விதி எல்லாம் சொன்னேன்.
ஓம் ஓம் என்றார்.
விலகல் படிவத்தில் காரணங்கள் அச்சடித்திருந்தன:
மறந்தார். தொலைத்தார். ஒத்துக்கொள்ளவில்லை. வேறு.
வேறு என்பதற்குப் பக்கத்தில்
பகிர்ந்தார் என்று எழுதினேன்.
கொழும்பிலிருந்து போன் வந்தது, "யாரோடு?"
"புருசனோடு."
"அவர் எங்கட ஆளில்லையே."
எந்தக் குழுவில் போட்டோமோ அதிலேயே எண்ணப்படுவார்,
விழுங்கினாலும் விழுங்காவிட்டாலும்.

அடுத்த மாதம் அவரே கதிரையை இழுத்துப் போட்டுக் கையை நீட்டினார்.
"எனக்கும் ஒருக்கா அடிச்சுப் பாரும் பிள்ளை."
நூற்று அறுபத்தெட்டு. பிறகு நூற்று ஐம்பத்தாறு.
பிறகு நூற்று நாற்பத்திரண்டு.
எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லாத எண்கள்,
பெற்றோல் பில்லின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன்.
பஸ் ஸ்ராண்டில் ஸ்கூட்டியை விட்டுத்
தண்ணீர்ப் போத்தல் வாங்கித் திரும்பினால்
ஒரு புள்ளிமான் அதை மென்றுகொண்டு நின்றது.
நம்ம ஊர் மான்கள் தாளை விடுவதில்லை.

மாசியில் கட்டவிழ்த்தார்கள்.
நூற்று நாற்பத்தேழு: மாக்குளிசை.
சொல்லப் போனேன். அக்கா நெடுநேரம் சிரித்தார்.
"கேட்டீரே, நீர் சுமந்த மாவைத்தான்
இந்தப் பிள்ளை திருப்பித் தந்திருக்கு."
அவர் சிரிக்கவில்லை.
"அப்ப என்ர பிரஷர் ஏன் இறங்கினது?"

ஏழு வருசம் இதில் வேலை செய்கிறேன்.
குப்பியின் மூடியைத் திறந்தேன், மூடினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியப்பறம்
ஆஸ்பத்திரி வரிசையில் அவரோடு நானும் நின்றேன்.
இப்போது அவருக்கும் அட்டை உண்டு, இலக்கம் உண்டு,
நிசமான குளிசை உண்டு.
முழுதாய்த் தந்தால் விழுங்கமாட்டாராம்.
அக்கா வெட்ட வேண்டும்,
அக்காவின் கையால் இரண்டு பாதியும் வர வேண்டும்.

போன கிழமை, வேலைக்காக அல்ல, சும்மா போனேன்.
பழக்கதோசத்தில் அவருடைய குப்பியைக்
கவிழ்த்து எண்ணினேன்.
பதினொன்றரை.