நான் பிடிக்காத பிரேக்

மருதமுனையை அது நன்றாகத்தான் கடந்தது.
டியூசன் விட்டு மூன்று பேராய் ஏறிவந்த சைக்கிள்,
கயிறறுத்த ஆடு,
பின்னால் பாராமலே கிறுகிய தயிர்க்காரன்,
எல்லாருக்கும் வழிவிட்டு
ஒவ்வொருவரையும் திரையில்
சாம்பல் பொம்மையாக எனக்குக் காட்டிக்காட்டி வந்தது.
கெட்டிக்காரி, என்றேன்.
ஸ்டியரிங்கைத் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

கோட்டைக்கல்லாறு தாண்டி
பாலத்துக்குக் கொஞ்சம் முன்,
தண்ணீரும் கண்ணாப் பற்றையும்,
நடுவில் ஒரு நாய்கூட இல்லாத தார்.
அங்கேதான் அது
எதையோ கண்டது.

பட்டி நெஞ்சை அறுத்தது.
பக்கத்து ஆசனத்துச் சாப்பாட்டுப் பெட்டி
காலடிக்குப் பறந்து திறந்தது.
திரையில் சிவப்பாக ஒரு எழுத்து எரிந்து,
நான் வாசிக்க முன்னம் அணைந்தது.
மறுகா, பின்னால் ஒரு டமார்.

ஆட்டோவின் ஒற்றைக் கண் தெறித்துக் கிடந்தது.
பொடியன் இறங்கி வந்தான். யதுர்ஷன்.
"என்னத்துக்கு அக்கா பிரேக் அடிச்சயள்?"
"நான் அடிக்கல்ல."
"அப்ப ஆர் அடிச்ச?"

பதினாறு வருசமாக வங்கியில்
எந்தக் கையெழுத்து எவருடையது என்று
ஒப்பிட்டுப் பார்க்கிறவள் நான்.
அந்தக் கேள்விக்குப்
பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

களுவாஞ்சிகுடிப் பொலிஸில் சார்ஜன்ட் எழுதினார்:
சாரதி சடுதியாக பிரேக்கை அழுத்தினார்.
அழுத்தப்பட்டது என்று மாற்றுங்கள், என்றேன்.
"ஆரால்?"
பேனை காகிதத்துக்கு மேலே நின்றது.

செயப்பாட்டு வினையைப் பள்ளியில்
பத்துப் புள்ளிக்குப் படித்தோம்.
பிறகு பத்திரிகைகளில் படித்தோம்.
மறிக்கப்பட்டார், இறக்கப்பட்டார், கொண்டுசெல்லப்பட்டார்.
அந்த வசனங்களைப் பார்த்து
ஆரால் என்று கேட்பதற்கு
பேனையோடு ஒருவரும் இருக்கவில்லை.
இப்போது ஒருவர் கேட்கிறார்,
ஒரு ஆட்டோ லைட்டுக்காக.

நான்தான் அழுத்தினேன் என்றே எழுதுங்கள்.
ஒப்பமிட்டேன்.
என் கையெழுத்து
எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

கொழும்புக் கம்பனி தொலைபேசியில் சொன்னது:
மேடம், பிழை ஒன்றும் பதிவாகவில்லை,
கமராக் கண்ணாடியை ஈரத்துணியால் துடையுங்கள்.

கானல், என்றார் என் மனிசன், கட்டிலில் புரண்டபடி.
பாலத்துக் கம்பியின் நிழல், என்றாள் காசாளர் ஹில்மியா.
வாசல் காவலுக்கு நிற்கிற தங்கவடிவேல் அண்ணன்
தேத்தண்ணியை மேசையில் வைத்தார்.
"அந்த இடத்திலதான் சென்றி இருந்த.
பஸ்ஸில இருந்து எல்லாரும் இறங்கி நடப்பம்."
"அண்ணன், இது போன வருசம் கப்பலில் வந்த கார்.
அதுக்கு என்ன தெரியும்?"
அவர் சிரிக்கவில்லை.
ஆடையை ஒதுக்கி, ஊதி ஊதிக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தனியே போய்
அந்த இடத்தில் இறங்கிப் பார்த்தேன்.
ஒட்டுப்போட்ட தார், கருப்பாக ஒரு நீள்சதுரம்.
ஒரு செருப்பு.
நண்டுப் பொந்து.
குனிந்து காரின் உயரத்துக்கு வந்து பார்த்தேன்,
மோட்டார் சைக்கிளில் போனவன் திரும்பித் திரும்பிப் பார்க்க.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நேற்று அந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் வந்தேன்.
மணி ஐந்தே கால். வாவி தகரம்போல் மினுங்கியது.
சத்தமில்லாத வண்டி, சத்தமில்லாத தெரு.
அதே ஒட்டுத் தார் வர
என் கால் தானாகத் தூக்கிக்கொண்டது.
பிரேக் பிடிக்கவில்லை. தூக்கினேன், அவ்வளவுதான்.
தூக்கப்பட்டது என்றுகூடச் சொல்லலாம்.

கண்ணாடியில், நன்றாகத் தள்ளி,
ஒரு ஆட்டோ வந்துகொண்டிருந்தது.
ஒரு லைட் மஞ்சள்.
மற்றது வெள்ளை, புதிது,
பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய், என் காசு.
நான் வேகம் குறைக்க
அவனும் குறைத்தான்.