லோ வோல்டேஜ்

எக்கோ எடுத்த பெண் எதுவும் சொல்லவில்லை.
ஜெல்லைத் துடைக்கத் துணி கொடுத்தாள்,
சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.
பிறகு சீட்டில் இருந்த வயதை
விரல் வைத்து இன்னொரு முறை படித்தாள்.
முப்பத்து மூன்று.

மூன்று மாதமாக அது வாயு.
பூண்டுப்பால், ஓமத் தண்ணீர்,
கல்லுக்கட்டி மருந்துக்கடையில் ஒரு பச்சை மாத்திரை.
அப்புறம் அது தூசி அலர்ஜி, ஒரு இன்ஹேலர்.
அப்புறம் பயம், ஒரு தூக்க மாத்திரை.
கால் வீங்கவில்லை, அதுதான் என் குற்றம்.
கானாடுகாத்தான் கல்யாணத்துக்கு சீரியல் பல்பு கட்ட ஏறி
ஏழாவது படியில் நின்று இளைத்தபோது
கீழே பையன்கள் சிரித்தார்கள்:
"அண்ணனுக்கு பேட்டரி வீக்."
நானும் சிரித்தேன்.

அடுத்த கட்டிலில் உடையப்பச் செட்டியார், எழுபத்தெட்டு.
அவருக்கும் இருபத்தைந்து சதவீதம்.
முழுசே அறுபதுதானாம்.
எலெக்ட்ரீசியனுக்கு விளக்க வேண்டியதில்லை:
பல்பு எரியும், ஃபேன் சுற்றும்,
மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டே நிற்கும்,
தண்ணீர் ஏறாது.

ஒரே எண்ணை டாக்டர் இரண்டு விதமாகச் சொன்னார்.
அவர் மகனிடம், நின்றபடி: "வயசாயிருச்சுல்ல."
என்னிடம், நாற்காலியை இழுத்துப் போட்டு:
"குடிப்பீங்களா? வீட்டுல யாருக்காவது?
போன வருஷம் காய்ச்சல் வந்துச்சா?"
இல்லை. தெரியாது. யாருக்குத்தான் வரவில்லை.
காரணம் என்ற கட்டத்தில் அவருக்கு
பழைய அட்டாக், சர்க்கரை, பிரஷர், கிட்னி என்று இடம் பற்றவில்லை.
எனக்கு ஒரு கேள்விக்குறி.
அழகாகத்தான் போட்டிருந்தார்.

அவர் காலை அமுக்கினால் குழி விழும்,
மெல்ல நிரம்பும்.
வந்தவர்கள் எல்லாம் அமுக்கிப் பார்த்துவிட்டுக் கலங்கினார்கள்.
என்னிடம் பார்க்க எதுவும் இல்லை.
"ஆளு நல்லாத்தானே இருக்கீங்க" என்ற மச்சினன்
வாங்கி வந்த ஆப்பிளைத் திரும்ப எடுத்துப் போகாத குறை.

"அஞ்சு வருஷம் தாராளமா" என்றார் டாக்டர் அவரிடம்.
"போதும்யா" என்று கும்பிட்டார் அவர்.
நான் அந்த ஐந்தை என் மகளோடு கூட்டினேன்.
ஒன்பது. நாலாம் வகுப்பு.
பதினாறாம் வாய்ப்பாடு வந்திருக்கும்.
எனக்கு எத்தனை என்று கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

இப்போது விடிந்ததும் எடை மெஷின்.
ஒன்றரை லிட்டர், ஒரே பாட்டில்,
இந்த வெயிலுக்குப் பதினோரு மணிக்கே பாதி காலி.
மீனாள் இரண்டு குழம்பு வைக்கிறாள்.
உப்பில்லாததை நக்கிப் பார்த்த மகள்
"அப்பா குழம்பு தூங்குது" என்றாள்.
சில நாள் நீர் மாத்திரை போடுவதில்லை.
போட்டால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை
ஏணியை விட்டு இறங்க வேண்டும்.
ஏணியே ஏறக் கூடாது என்பது வேறு.
மீனாளிடம் இரண்டுக்கும் பொய்தான்.

போன செவ்வாய், செக்கப் முடிந்து, தேவகோட்டை பஸ்.
ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.
அடுத்த நிறுத்தத்தில் அவர் ஏறினார்,
அதே ஆஸ்பத்திரிப் பையோடு.
கண்டக்டர் என் தோளைத் தட்டினார்:
"தம்பி, வயசானவரு நிக்கிறாருல்ல."
பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது.
சொல்லியிருக்கலாம்.
எதைக் காட்டிச் சொல்வது?
எழுந்தேன்.

அவருக்கு என்னைத் தெரிந்தது.
உட்கார்ந்தார். முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார்.
அமராவதிபுதூர் தாண்டும்வரை
கம்பியை இரண்டு கையாலும் பிடித்து
வாயால் மூச்சு வாங்கினேன், சத்தமில்லாமல்.
கோபம் வரும் என்றுதான் நினைத்தேன்.
அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், என்று ஆரம்பித்த நினைப்பு
அங்கேயே நின்றுவிட்டது, நகரவில்லை.
எழுபத்தெட்டு வயதில்
மூட்டு வலிக்க வலிக்க ஒரு பஸ்ஸில் ஏறி,
எவனோ ஒருத்தனை எழுப்பிவிட்டு,
நன்றிகூடச் சொல்லாமல்
உட்கார்ந்துகொள்ள
அவ்வளவு ஆசையாக இருந்தது.